ஓட்டை விழுந்த காரும் 96 சதவீத பிரிண்டும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "வாங்கியாச்சு, இதை வைத்து என்னவெல்லாம் செய்யலாம்?" என்பதுதான். கடிதம் டைப் செய்யலாம், வீட்டுக் கணக்கு எழுதலாம், படம் பார்க்கலாம் என்று நானும் வழக்கமான பதிலைச் சொல்லி வந்தேன். 2024-ம் ஆண்டு முதல் என் பதில் மாறிவிட்டது. "துருப்பிடித்த காரின் தரையை வெட்டி எடுத்துவிட்டு, அதே அளவில் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யலாம்" என்கிறேன்.

கேட்டவர்கள் சிரிக்கிறார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு சாதாரண டெஸ்க்டாப், ஸ்கேனருடன் சேர்ந்த ஒரு பிரிண்டர், காசில்லாமல் கிடைக்கும் இரண்டு சாஃப்ட்வேர்கள், இவற்றை வைத்துத்தான் அப்பாவின் கார் தப்பித்தது. அதில் நான் செய்த ஒரு தவறு, பிரிண்டர் வைத்திருக்கும் எல்லோரும் செய்யக்கூடியது. அந்தத் தவறையும் சேர்த்தே சொல்கிறேன்.

மேட்டுக்குக் கீழே என்ன?

அப்பாவின் கார் 2004 மாடல் மாருதி 800. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாற்றில் வெள்ளம் வந்தபோது, முடிச்சூரில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற கார் சீட்டின் அடிப்பாகம் வரை தண்ணீரில் நின்றது. நான் அப்போது இன்ஜினீயரிங் முதலாம் ஆண்டு. வெள்ளம் வடிந்ததும் மெக்கானிக் வந்து ஆயில் மாற்றினார், பிரேக் பார்த்தார், இன்ஜின் ஓடியது. நாங்கள் கார்ப்பெட்டை உருவி மொட்டை மாடியில் காயப்போட்டு, காய்ந்ததும் மறுபடி விரித்துவிட்டோம். அதோடு பிரச்னை தீர்ந்தது என்று நினைத்தோம்.

தீரவில்லை. காரின் தரைத் தகட்டின் மேல், சத்தம் குறைவதற்காகத் தார் போன்ற ஒரு ஷீட் ஒட்டியிருப்பார்கள். அதன் ஓரங்களில் வெள்ளத் தண்ணீர் புகுந்து உட்கார்ந்துகொண்டது. இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும். உப்பும் சேர்ந்தால் வேலை இன்னும் வேகமாக நடக்கும். சாக்கடையும் கலந்து வந்த வெள்ளத்தில் உப்புக்கா பஞ்சம்? மேலே காய்ந்த கார்ப்பெட், கீழே காயாத ஈரம். எட்டரை வருடம் அது நிதானமாகத் தின்றுகொண்டே இருந்தது.

2024 ஜூன் மாதம் ஒரு நாள், "பிரேக் மிதிக்கும்போது குதிகால் வைக்கிற இடம் மெத்து மெத்துன்னு இருக்குப்பா" என்றார் அப்பா. மேட்டை எடுத்து, கார்ப்பெட்டை விலக்கி, கட்டை விரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. இடையில் எப்போதோ சர்வீசுக்கு விட்ட ஒரு பட்டறையில், துருவைச் சுரண்டாமலே அதன்மேல் ஃபைபர் துணியை வைத்துத் தார் பூசி மூடியிருந்தார்கள். அதைப் பிய்த்தவுடன் ஓட்டை வழியாக எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவின் சிமெண்ட் தரை தெரிந்தது. அம்மாவை மாதம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் வண்டி அது. அவசரத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்கும் கால், இந்த ஃபைபர் துணியின் மேல்தான் ஊன்றியிருந்திருக்கிறது.

மாருதி 800 போன்ற கார்களுக்கு லாரியைப்போலத் தனியாக சேஸிஸ் கிடையாது. தரை, பக்கவாட்டுப் பெட்டிகள், தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்துதான் காரின் எலும்புக்கூடு. இதை மோனோகாக் என்பார்கள். எனவே தரைத் தகடு காலுக்கு அடியில் விரித்த வெறும் விரிப்பு அல்ல. வண்டியின் பலத்தில் அதற்கும் பங்கு உண்டு.

சொந்த உபயோகக் கார்களுக்கு முதல் பதிவு 15 வருடம். அது 2019-ல் முடிந்து ஐந்து வருடத்துக்கு எஃப்.சி. வாங்கியிருந்தோம். 2024 ஆகஸ்டில் அதுவும் முடிகிறது. கையில் இரண்டே மாதம். "வித்துடலாமாப்பா?" என்று கேட்டேன். அப்பா பதில் சொல்லாமல் மேட்டை எடுத்து இருந்த இடத்திலேயே விரித்தார்.

தாம்பரம் பக்கம் எங்களுக்குத் தெரிந்த டிங்கரிங் பட்டறை ஒன்று இருக்கிறது. உரிமையாளரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஸ்க்ரூ டிரைவரால் தரையைக் குத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். நல்ல தகட்டில் 'டிங்' என்று சத்தம் வந்தது. துருப்பிடித்த இடத்தில் முறுக்கை நொறுக்கியது மாதிரி. உள்ளங்கை அகலம் என்று நான் நினைத்த ஓட்டை, குத்திக் குத்தி நல்ல இரும்பைத் தொடுவதற்குள் 340 மி.மீ. நீளம், 260 மி.மீ. அகலத்துக்கு வந்துவிட்டது.

"எடைக்குப் போட்டா நல்ல விலை வரும் தம்பி" என்றார் முதலில். நான் நகரவில்லை. "சரி, செய்யலாம். உட்கார்ந்து அளவெடுக்க எனக்கு நேரமில்ல. அளவோட தகடு வெட்டிக் கொண்டாங்க, ஞாயித்துக்கிழமை பட்டறை சும்மாதான் இருக்கும்."

அந்த அளவு எடுக்கும் வேலைதான் என் கம்ப்யூட்டருக்கு வந்தது.

'பேட்ச்' எங்கிருந்து வந்தது?

ஒரு சின்ன இடைச்செருகல். விண்டோஸ் அப்டேட் வரும்போதெல்லாம் 'பேட்ச்' என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். இது நிஜமான ஒட்டுதான். 1944-ல் வேலையைத் தொடங்கிய ஹார்வர்ட் மார்க் 1 போன்ற அந்தக் காலக் கம்ப்யூட்டர்களுக்குக் கட்டளைகளைக் காகித நாடாவில் ஓட்டைகளாகப் போட்டுக் கொடுத்தார்கள். தவறான இடத்தில் ஓட்டை விழுந்துவிட்டால் அதன்மேல் சிறு காகிதத் துண்டை ஒட்டி மூடுவார்கள். அதன் பெயர் பேட்ச். நாடா போய்விட்டது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

பேட்ச் போடுவதுதான் எனக்கு ஆபீஸில் பாதி வேலை. கெட்டுப்போன பகுதியைத் தொடாமல் அதன்மேல் இன்னொன்றை ஒட்டிச் சமாளித்த நாட்கள் எனக்கும் உண்டு. அந்தத் தார் பூசிய பட்டறையை நான் ரொம்பத் திட்டாததற்கு இதுதான் காரணம்.

பென்சிலால் எடுத்த அளவு

ஓட்டையின் மேல் அட்டையை வைத்து வரைந்து வெட்டினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். தட்டையான தகடாக இருந்தால் போதும். காரின் தரையில் நீளவாக்கில் மேடு பள்ள வரிகள் இருக்கும். மெல்லிய தகடு மடங்காமல் விறைப்பாக நிற்பதற்காக ஃபேக்டரியிலேயே அச்சில் அழுத்தி எடுத்தவை. டிரைவர் பக்கம் அந்த வரிகள் எங்கே தொடங்கி எங்கே முடிந்தன என்று சொல்ல ஒன்றுமே மிஞ்சவில்லை. எல்லாம் துருப்பொடி.

ஆனால் இடது பக்கம், அம்மா உட்காரும் இடத்தில், தரை நன்றாக இருந்தது. டேப் வைத்து அளந்து பார்த்தேன். நான் வெட்டப்போகும் பகுதியில் இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறி ஒரே மாதிரி இருந்தன. இடது பக்கத்தைப் படி எடுத்துத் திருப்பிப் போட்டால் வலது பக்கம் கிடைத்துவிடும். (எல்லாக் கார்களிலும் இப்படி இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அளந்த பிறகே முடிவு செய்யுங்கள்.)

செல்ஃபோனில் படம் எடுத்து அதை வைத்து வெட்ட முடியாது. கேமராவைக் கொஞ்சம் சாய்த்தாலும் ஒரு ஓரம் பெரிதாகவும் மறு ஓரம் சிறிதாகவும் விழும். அதனால் சின்ன வயதில் செய்ததையே செய்தேன். நாணயத்தின் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் சிங்க முத்திரை பேப்பரில் வருமே, அதுதான். தரையில் சார்ட் பேப்பரை விரித்து, டேப்பால் ஒட்டி, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தேன். வரிகளின் விளிம்பு, தண்ணீர் வடியும் துளையின் வட்டம் எல்லாம் விழுந்தன.

சார்ட் பெரியது; என் ஸ்கேனர் ஏ4 அளவுதான். எனவே சார்ட்டின் மேல் 50 மி.மீ.க்கு ஒரு கோடாகச் சதுரக் கட்டம் போட்டுக்கொண்டு, அதன் பிறகே நான்காக வெட்டினேன். இந்தக் கட்டங்கள்தான் பிறகு நான்கு படங்களையும் கம்ப்யூட்டருக்குள் சரியாகச் சேர்க்க உதவின. கட்டம் போடாமல் வெட்டியிருந்தால் சேர்க்க வழியே இருந்திருக்காது.

ஸ்கேன் செய்யும்போது ரெசல்யூஷன் 300 டி.பி.ஐ. என்று வையுங்கள். ஓர் அங்குலத்தில், அதாவது 25.4 மி.மீ. நீளத்தில், 300 புள்ளிகள் என்று பொருள். 340 மி.மீ. என்பது சுமார் 4,016 புள்ளிகள். ஒரு மில்லிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 12 புள்ளி கிடைக்கிறது. தகடு வெட்ட இது தாராளம். 600, 1200 என்று ஏற்றினால் ஃபைல் பெரிதாகும், கம்ப்யூட்டர் திணறும், வேறு லாபம் இல்லை.

படங்களைச் சேர்க்க இங்க்ஸ்கேப் என்ற இலவச சாஃப்ட்வேரைப் பயன்படுத்தினேன். இதில் பேப்பர் அளவை மில்லிமீட்டரிலேயே கொடுக்கலாம் என்பது பெரிய வசதி. டாக்குமெண்ட் ப்ராப்பர்ட்டீஸில் 400-க்கு 300 மி.மீ. என்று பக்கத்தை அமைத்து, நான்கு படங்களையும் இம்போர்ட் செய்தேன். இம்போர்ட் செய்யும்போது 'இமேஜ் டி.பி.ஐ.' என்று ஒரு கேள்வி வரும். அதில் 'ஃப்ரம் ஃபைல்' என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் ஸ்கேன் செய்த அதே அளவில் படம் வந்து உட்காரும். கட்டங்களைப் பொருத்தி, விளிம்புகளின் மேல் பென் டூலால் கோடு வரைந்து, மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து 'ஃப்ளிப் ஹாரிஸான்டல்' கொடுத்தேன். இடது பக்கத் தரை ஒரே கிளிக்கில் வலது பக்கத் தரையாகிவிட்டது. மூலைகளைக் கூராக விடாமல் வளைவாக வரைந்தேன். கூர்மூலையில் வெல்டிங் சூடும் இழுவிசையும் குவிந்து வெடிப்பு விட வாய்ப்பு அதிகம்.

ரொம்பப் பெருமையாக இருந்தது. பெருமை அடுத்த நாள் சாயங்காலம் வரை நீடித்தது.

100 மி.மீ. கோடு

படத்தை நான்கு ஏ4 பக்கங்களாகப் பிரித்து, பி.டி.எஃப். ஆக்கி, பிரிண்ட் கொடுத்தேன். நான்கையும் ஒட்டி, 0.9 மி.மீ. தகட்டின் மேல் பசை தடவிப் பதித்து, கோட்டின் மேலேயே தகடு வெட்டும் கத்தரியால் வெட்டினேன். முக்கால் மணி நேர வேலை. கட்டை விரலில் கொப்புளம். காரில் கொண்டுபோய் வைத்தேன். தகடு ஓட்டைக்குள் 'தொப்' என்று விழுந்தது.

340 மி.மீ. இருக்கவேண்டியது 326 மி.மீ. இருந்தது. 14 மி.மீ. குறைவு. இவ்வளவு மெல்லிய தகட்டில் ஒரு மில்லிமீட்டர் சந்தை அடைப்பதே சிரமம், 14 மி.மீ.க்கு மருந்தே இல்லை.

என்ன நடந்தது? பிரிண்ட் கொடுக்கும்போது வரும் டயலாக் பாக்ஸை நான் படிக்கவே இல்லை. அடோபி ரீடரில் அங்கே 'ஃபிட்', 'ஆக்சுவல் சைஸ்', 'போஸ்டர்' என்று தேர்வுகள் இருக்கின்றன. பிரிண்டரால் பேப்பரின் கடைசி ஓரம் வரை மை போட முடியாது. அதனால் 'ஃபிட்' என்றிருந்தால் முழுப் பக்கத்தையும் கொஞ்சம் சுருக்கி, ஓரத்தில் வெள்ளை விட்டு அச்சிடும். என் பிரிண்டரில் அது 96 சதவீதம். கடிதத்துக்கோ கல்யாணப் பத்திரிகைக்கோ இது நல்லதுதான், ஓரத்து எழுத்து வெட்டுப்படாது. அளவுப் படத்துக்கு இது விஷம். கண்ணால் பார்த்து 96-க்கும் 100-க்கும் வித்தியாசம் சொல்ல யாராலும் முடியாது.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. அளவு முக்கியமான எந்தப் படமானாலும், ஒரு மூலையில் சரியாக 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு வரைந்து வையுங்கள். குறுக்கில் ஒன்று, நெடுக்கில் ஒன்று. பிரிண்ட் வந்தவுடன் முதல் வேலையாக ஸ்கேலை அந்தக் கோடுகளில் வையுங்கள். 100 காட்டினால் வேலையைத் தொடருங்கள். 96 காட்டினால் பேப்பரைக் கிழித்துப் போடுங்கள். நஷ்டம் ஒரு பேப்பர். எனக்கோ ஒரு தகடு.

இரண்டாம் முறை பக்கங்களை நானே பிரிக்கவில்லை. 400-க்கு 300 மி.மீ. பக்கத்தை அப்படியே ஒரே பி.டி.எஃப். ஆக்கி, 'போஸ்டர்' என்பதைத் தேர்ந்தெடுத்து, டைல் ஸ்கேலை 100 சதவீதமாக வைத்தேன். அதுவே பக்கங்களாகப் பிரித்து, ஒன்றின்மேல் ஒன்று ஒட்டுவதற்கு இடமும் விட்டு அச்சிட்டுக் கொடுத்தது. விண்டோஸில் இருக்கும் பெயிண்டில் வேலை செய்பவர்கள் பேஜ் செட்டப்பில் 'ஃபிட் டூ' என்பதை எடுத்துவிட்டு 'அட்ஜஸ்ட் டூ 100' என்று கொடுக்கவேண்டும். வீட்டில் பிரிண்டர் இல்லாமல் ஜெராக்ஸ் கடைக்குப் போகிறவர்கள், "சைஸ் குறைக்காம ஆக்சுவல் சைஸ்ல போடுங்க" என்று சொல்லுங்கள். சொன்னாலும் அங்கேயே ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

பாய் திருத்திய அளவு

புதுப் பிரிண்டையும் புதுத் தகட்டையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போனேன். சரியான அளவில் கோடு போட்டு வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "இந்தக் கோட்டுல வெட்டினா மறுபடியும் சின்னதாப் போயிடும்" என்றார் பாய்.

எனக்குப் புரியவில்லை. பிரிண்ட் 100-க்கு 100 இருக்கிறதே?

"இதுல வரி அடிக்கணும்ல? வரிக்குள்ள போற தகடு எங்கேருந்து வரும்?"

பளிச்சென்று உறைத்தது. தட்டையான தகட்டில் வரியைத் தட்டி இறக்கும்போது ஓரங்கள் உள்ளே இழுத்துக்கொள்ளும். புடவையில் கொசுவம் வைத்தால் அகலம் குறைவதுபோல. சுற்றிலும் 15 மி.மீ. விட்டு வெட்டச் சொன்னார். மரக்கட்டையில் பள்ளம் செதுக்கி, அதன்மேல் தகட்டை வைத்து, முனை மழுங்கிய உளியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி வரிகளை இறக்கினார். ஒரே இடத்தில் ஓங்கி அடிக்காமல், முழு நீளத்துக்கும் மூன்று நான்கு தடவை போய் வந்தார். அதன் பிறகுதான் இன்னொரு பிரிண்டை மேலே ஒட்டிச் சரியான விளிம்பில் வெட்டினோம். முதல் பிரிண்ட் சுத்தியடியில் கந்தலாகிவிட்டது. ஃபைல் கம்ப்யூட்டரில் இருந்ததால் நான் இரண்டாவது பிரதி கையோடு வைத்திருந்தேன். இதற்கு மட்டும் பாய் தலையாட்டினார்.

எட்டுப் பேப்பர் தடிமன்

உங்கள் பிரிண்டரிலிருந்து எட்டு ஏ4 பேப்பர்களை எடுத்து அடுக்கி விரலால் பிடித்துப் பாருங்கள். சுமார் 0.8 மி.மீ. காரின் தரைத் தகடு ஏறக்குறைய அவ்வளவுதான். கடைகளில் 20 கேஜ் என்று கேட்டால் கிடைப்பது 0.9 மி.மீ. இரும்பு சுமார் 1,500 டிகிரியில் உருகும். வெல்டிங் நெருப்பு அதைவிடப் பல மடங்கு சூடு. எட்டுப் பேப்பர் தடிமனுள்ள இரும்பு உருகி ஒட்டவேண்டும், ஆனால் ஓட்டை விழக்கூடாது. இந்த வேலையின் சிரமம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

கேட் அடிக்கும் சாதாரண ஆர்க் வெல்டிங் ராடு இதற்கு ஆகாது, தொட்டவுடன் பொத்துவிடும். பட்டறைகளில் சி.ஓ.2 வெல்டிங் என்று சொல்லும் மெஷின்தான் சரி. துப்பாக்கி போன்ற கைப்பிடியில் விசையை அழுத்தினால் 0.8 மி.மீ. கம்பி தானாக வெளியே வரும். கூடவே கேஸ் வந்து காற்று படாமல் காக்கும். வெறும் கார்பன் டை ஆக்ஸைடு விலை குறைவு, ஆனால் சூடும் பொறியும் அதிகம். ஆர்கான் கலந்த கேஸ் மெல்லிய தகட்டுக்கு இன்னும் நல்லது, விலையும் அதிகம்.

பாய் என்னை உடனே காரைத் தொடவிடவில்லை. உடைசல் தகடுகள் இரண்டைக் கொடுத்துப் பழகச் சொன்னார். முதல் ஐந்து இடத்தில் ஐந்து ஓட்டை. விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இழுத்ததுதான் தவறு. ஒரு நொடி அழுத்தி விடவேண்டும். உருகிய பொட்டின் சிவப்பு அணைந்த பிறகுதான் பக்கத்தில் அடுத்தது. மெஷின் சரியாக அமைந்தால் வடை எண்ணெயில் விழுந்த மாதிரி சீரான சத்தம் வரும். படபடவென்று வெடித்தால் கம்பி வேகமோ வோல்டேஜோ சரியில்லை. சுமார் முப்பது பொட்டுக்குப் பிறகு எனக்கு அந்தச் சத்தம் பிடிபட்டது.

முகத்தில் போட்டுக்கொண்ட ஹெல்மெட்டைப் பற்றிக் கம்ப்யூட்டர் பத்திரிகையில் சொல்லியே ஆகவேண்டும். வெளிச்சம் பட்டவுடன் தானாகக் கறுக்கும் வகை அது. உள்ளே இருப்பது லிக்விட் க்ரிஸ்டல், உங்கள் எல்.சி.டி. மானிட்டரில் இருக்கும் அதே சரக்கு. நெருப்பு கிளம்பியதும் சென்சார் பார்த்து, ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் கண்ணாடியைக் கறுக்கச் செய்கிறது. கண்ணுக்குக் கெடுதலான புற ஊதாக் கதிரைக் கறுக்காதபோதும் தடுக்கும் வடிகட்டி தனியாக இருக்கிறது. 'ஒரே ஒரு பொட்டுதானே' என்று வெறும் கண்ணால் பார்த்தால், ராத்திரி கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல உறுத்தும். அனுபவித்தவர்களைக் கேளுங்கள்.

காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்

வெல்டிங்குக்கு முன் செய்தவை: சீட், கார்ப்பெட் எல்லாம் வெளியே. கழற்றும் முன் ஒவ்வொரு ஒயரையும் கிளிப்பையும் படம் எடுத்து, 1, 2, 3 என்று எண் கொடுத்து ஒரு ஃபோல்டரில் போட்டேன். மாட்டும்போது பின்னாலிருந்து முன்னால் பார்த்துக்கொண்டே வந்தால் போதும். பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் தரைக்கு அடியில் போகின்றன. பெட்ரோலை வடித்து வண்டியை விட்டுத் தூரமாக வைத்துவிட்டு, குழாய்களை வெல்டிங் பக்கம் வராமல் விலக்கினார் பாய்.

எங்களுடையது எம்.பி.எஃப்.ஐ. மாடல். இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது என்று தீர்மானிக்க உள்ளே இ.சி.யூ. என்ற ஒரு கம்ப்யூட்டர் உண்டு. வெல்டிங் கரண்ட் வழி தவறி அதற்குள் போனால் அது செத்துவிடும். எனவே பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினோம், இ.சி.யூ. கனெக்டரையும் உருவினோம். எர்த் கிளாம்பை பம்பரில் எங்கோ மாட்டாமல், வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே பெயிண்ட் சுரண்டிய தகட்டில் மாட்டினோம்.

பிறகு வெட்டும் வேலை. நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டவேண்டும் என்பது பாயின் சட்டம். "பத்து மில்லி துரு விட்டீங்கன்னா அடுத்த மழைக்கு அது இருபது" என்றார். விளிம்புகளில் வெல்டிங்கைத் தாங்கும் ஜிங்க் ப்ரைமர் அடித்து, தகட்டைக் காந்தங்களால் நிறுத்தினோம். சுற்றிலும் கம்பியின் தடிமன் அளவே சந்து. எனக்கு அப்போது வந்த சந்தோஷம், ப்ரோகிராம் முதல் தடவையே ஓடும்போதுகூட வந்ததில்லை.

சுற்றளவு சுமார் 1,200 மி.மீ. 30 மி.மீ.க்கு ஒரு பொட்டு என்றால் 40 பொட்டு. தையல்காரர் முதலில் ஓட்டுத் தையல் போட்டுவிட்டுப் பிறகு மெஷினில் கொடுப்பது மாதிரி இது. வரிசையாகப் போட்டுக்கொண்டே போகக்கூடாது. சூடான இரும்பு ஆறும்போது சுருங்கும். ஒரே பக்கம் சூடு ஏறினால் தகடு அப்பளம்போல வளைந்துவிடும். இந்தப் பக்கம் ஒன்று, எதிர்ப் பக்கம் ஒன்று, மூலையில் ஒன்று என்று தாவித் தாவி வைக்கவேண்டும். நான் 40 பொட்டுக்கும் எண் போட்ட வரிசைப் படம் ஒன்றைப் பிரிண்ட் எடுத்துப் போயிருந்தேன். பாய் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கையை வைத்துப் பார், சூடு தாங்கவில்லை என்றால் வேறு இடத்துக்குப் போ, அவ்வளவுதான் என்றார். அவர் வழிதான் எனக்கும் வசதியாக இருந்தது.

பதினேழோ பதினெட்டோ பொட்டில் கருகல் நாற்றம் வந்தது. வண்டிக்கு அடியில் பழைய தார்ப் பூச்சு தீப்பிடித்துவிட்டது. சுற்றிலும் தாராளமாகச் சுரண்டச் சொல்லியிருந்தார். நான் நாலு விரல் அகலத்தோடு நிறுத்திக்கொண்டேன். ஹெல்மெட்டுக்குள் இருப்பவனுக்கு அடியில் எரிவது தெரியாது. அப்பா கீழே ஈரச் சாக்கோடு உட்கார்ந்திருந்தார், அமுக்கி அணைத்தார். பக்கத்தில் தீயணைப்பு சிலிண்டர் இருந்தது, தேவைப்படவில்லை. அடுத்த ஒரு மணி நேரம் நான் வாயைத் திறக்காமல் தார் சுரண்டினேன்.

பொட்டுகளுக்கு நடுவே பொட்டுகள், அவற்றுக்கு நடுவே மறுபடியும் பொட்டுகள் என்று சந்து மூடுவதற்குள் மத்தியானம் மூன்று மணி. பாதி நான், மீதி பாய். எது யாருடையது என்று பார்த்தாலே தெரியும். சீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் நுனியிலும் துரு ஆரம்பித்திருந்தது. நான் துப்பாக்கியை எடுத்ததும், "அதைத் தொடாதீங்க, அது என் வேலை" என்று வாங்கிக்கொண்டார். சீட், சீட் பெல்ட் மாட்டும் இடம், கதவுக்குக் கீழே நீளமாகப் போகும் பெட்டி, இவையெல்லாம் விபத்தில் உயிர் காக்கும் பகுதிகள். பழகுகிறவர்கள் இங்கே கை வைக்கக்கூடாது.

வெல்டிங்கை கிரைண்டரால் சமமாக்கும்போதும் அவசரப்படாதீர்கள். மேலே வழவழப்பாக்கப் பார்த்துப் பக்கத்துத் தகட்டைத் தேய்த்து மெலிய வைத்துவிடுவீர்கள். மேலும் கீழும் எப்பாக்ஸி ப்ரைமர், இணைப்பு முழுக்க சீலர், அது நன்றாகக் காய்ந்த பிறகு அடியில் புதுப் பூச்சு. ஜி.ஐ. ஷீட் துருப்பிடிக்காதே, அதையே வைத்தால் என்ன என்று என் நண்பன் கேட்டான். அதன்மேல் இருக்கும் துத்தநாகம் எரிந்து வெள்ளைப் புகை வரும். சுவாசித்தால் அன்றிரவே காய்ச்சல் அடிக்கும்.

ஆகஸ்டில் எஃப்.சி. கிடைத்தது. அப்பாவின் குதிகாலுக்குக் கீழே இப்போது கெட்டியாக இருக்கிறது. அந்த ஃபைலை இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வைத்திருக்கிறேன், 100 மி.மீ. கோட்டோடு.

அக்டோபர் கடைசியில் ஒரு ராத்திரி கனமழை. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக மேட்டைத் தூக்கிப் பார்த்தேன். புதுத் தகடு காய்ந்திருந்தது. ஆனால் மேல் மூலையில், டேஷ்போர்டுக்குக் கீழே, ஒரு சொட்டு நின்றுகொண்டிருந்தது. விரலால் தொட்டு மேலே பார்த்தேன். முன் கண்ணாடியின் ரப்பர் ஓரம் விட்டிருக்கிறது. வெள்ளத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டே இத்தனை வருடமும் அதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறோம். புதுப்பேட்டையில் ரப்பர் கிடைக்கும் என்றார் பாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் கிளம்பினோம்.